அவையை விடுங்கோ

திமிங்கிலத்துக்குத் தமிழில் மரியாதை கொடுக்கப் போய் நாற்பது பேரைப் பிழையான பஸ்ஸில் ஏற்றியவன் நான். இந்தக் கதையை வாயால் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்கிற கதைதான், ஒரு இடத்தைத் தவிர. சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் சொல்லி வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருவர் தனக்கு நடந்ததைத் தமிழில் சொல்வார், நான் அதை ஆங்கிலத்தில் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் கதிரையில் இருக்க வேண்டும். கைது, தடுப்புக்காவல், விசாரணை, விடுதலை. நாள் முழுக்க வாயில் இந்தச் சொற்கள்தான். மகள் குளியலறைக்குள் கூடநேரம் இருந்தால், "எவ்வளவு காலமாக உள்ளே இருக்கிறாய், யாராவது வந்து பார்த்தார்களா?" என்று கதவுக்கு வெளியே நின்று விசாரிக்கிற அளவுக்கு முற்றிப்போயிருந்தேன்.

நான் அடிக்கடி போகிற ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மாமிசம் தொடமாட்டார், தோல் சப்பாத்துப் போடமாட்டார், சிலந்தியைக் கண்டால் கோப்பையால் மூடித் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டுவிட்டு வருவார். வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறிச் சோறு சாப்பிடுவதைக் கண்டு என்னைத் தன் கட்சி என்று முடிவு கட்டிவிட்டார். மற்ற ஆறு நாளும் நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

ஒரு நாள் அவர் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நயாகரா பக்கம் இருந்த ஒரு கடல் பூங்காவில் பிடித்து வைத்திருக்கும் திமிங்கிலங்களைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆர்ப்பாட்டம். உங்கள் மக்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள், தமிழில் எழுதித் தருவீர்களா என்று கேட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்தில் ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஆர் வந்து இறங்கினாலும் நாங்கள் காட்டுவதற்கு மூன்றே மூன்று சாமான்கள்தான் இருந்தன. அருவி, ரொறன்ரோக் கோபுரம், மீன். மீன் என்றால் அந்தப் பூங்காத் திமிங்கிலம். நானே ஏழு தரம் போயிருக்கிறேன். பாட்டுப் போடுவார்கள், பயிற்றுவிக்கிற பெண் கையை உயர்த்துவாள், பஸ் அளவு கறுப்பு வெள்ளை உடம்பு தண்ணீரிலிருந்து எழும்பி அந்தரத்தில் நின்றுவிட்டு விழும். முன்வரிசைச் சனம் தொப்பலாக நனைந்து கைதட்டும். நனைவதற்கென்றே முன்வரிசைக்கு அடிபடுவோம்.

நான்காவதோ ஐந்தாவதோ தரம் போனபோது ஆட்டம் முடிந்தபின் குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனேன். ஒருவரும் இல்லை. திமிங்கிலம் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. முதுகில் நிமிர்ந்து நிற்க வேண்டிய செட்டை ஒரு பக்கமாக மடிந்து தொங்கியது. சுற்றி வந்து சுவரில் ஒரு இடத்தை மூக்கால் தொடும், திரும்பச் சுற்றும், திரும்ப அதே இடத்தைத் தொடும். நான் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். என்னவோ செய்தது எனக்கு. இவ்வளவு பெரிய உயிரை இவ்வளவு சிறிய தண்ணீரில் வைத்திருப்பது மகா பாவம் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. தெரிந்துகொண்டு என்ன செய்தேன்? குடையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு இடம் பிடிக்கப் போனேன்.

ஆகவே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் அந்தப் பெண்மணி. "அவர்களை 'அது' என்று எழுதக் கூடாது. மேசைதான் அது. கதிரைதான் அது."

நான் அவருக்கு உயர்திணை அஃறிணையை விளக்கினேன். தமிழில் மனிதர்கள், தேவர்கள், நரகத்தில் கிடப்பவர்கள் எல்லோரும் உயர்திணை, மிச்சமெல்லாம் அஃறிணை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நரகத்தில் கிடப்பவர்களுக்குக்கூட இடம் இருக்கிறது. திமிங்கிலத்துக்கு இல்லையா?"

நான் என்ன சொல்வேன், இலக்கணத்தை எழுதியவன் நானா? இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். 'அவர்கள் நீந்துகிறார்கள்' என்று எழுதினால் சனம் என்னைக் கேலி பண்ணும். 'அது' என்றால் பெண்மணி கோபிப்பார். மூன்றாம் நாள் சவரம் செய்துகொண்டிருக்கும்போது சொல் அகப்பட்டது: அவை.

புத்தகத் தமிழில் 'அவை' என்றால் அஃறிணைப் பன்மை. மாடுகள், கதிரைகள், திமிங்கிலங்கள். யாழ்ப்பாணத்து வாயில் 'அவை' என்றால் மனிதர்கள். "அவை வந்தவை, அவை சாப்பிட்டவை" என்று நாங்கள் சொன்னால் வந்து சாப்பிட்டது மாடுகள் இல்லை, சம்பந்தி வீட்டார். இலக்கணத்துக்கும் குறை இல்லை, திமிங்கிலத்துக்கும் குறை இல்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சி, கன்னத்தை வெட்டிக்கொண்டேன்.

ஒரு தாள், நடுவில் மடிப்பு. மேல்பாதியில் படமும் பெரிய எழுத்தில் தலைப்பும். ஓர்க்கா என்று அதன் இனப்பெயரைப் போட்டால் எங்கள் சனம் குளிக்கிற புதுச் சவர்க்காரம் என்று நினைக்கும் என்பதால் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கிக் 'கொலைகாரத் திமிங்கிலம்' என்று போட்டேன். கடலில் இவை ஒரு மனிதரையும் கொன்றதாகக் கேள்விப்பட்டதில்லை, யாரோ வைத்த பெயர் என்று பெண்மணி வருத்தப்பட்டார். கீழ்ப்பாதியைப் பேச்சுத் தமிழில் எழுதினேன், சனத்தின் நெஞ்சில் பட வேண்டும் என்று:

'அவை என்ன குற்றம் செய்தவை? சின்னனிலேயே தாயிட்டை இருந்து பிரிச்சுப் பிடிச்சுக்கொண்டு வந்தவை. விசாரணை இல்லை. வருசக்கணக்காத் தடுப்புக்காவல். அவையை விடுங்கோ! ஞாயிறு காலமை எட்டு மணிக்கு பிளாசா வாசலில பஸ். மத்தியானச் சாப்பாடு உண்டு.'

நூறு பிரதிகளை ஸ்காபரோவில் எங்கள் பக்கத்துக் கடைத்தொகுதியான பிளாசாவில் இருந்த பலசரக்குக் கடை அண்ணையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் என்ன செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "கடை வாசலில 'கொலைகார' எண்டு எழுதி ஒட்டேலுமே தம்பி? சனம் உள்ளுக்கு வருமே?" என்று பிறகு என்னிடமே நியாயம் கேட்டார். கத்தரிக்கோலை எடுத்து நூறையும் மடிப்போடு வெட்டிக் கீழ்ப்பாதியைக் கண்ணாடியில் ஒட்டினார், மிச்சத்தைச் சாமான் பையோடு போட்டுக் கொடுத்தார். மேல்பாதித் திமிங்கிலங்களை வீணாக்காமல் கருவாடு சுற்றப் பாவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிளாசாவுக்குப் போனால் மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸைச் சுற்றிச் சனம். பத்துப் பேர் வந்தால் பெரிய காரியம் என்று பெண்மணி சொல்லியிருந்தார். நாற்பதுக்கு மேல் நின்றார்கள். தொழிற்சாலை வேலைக்காரர்கள், கைப்பிள்ளைக்காரர்கள், சேலை கட்டியவர்கள், கையால் எழுதிய அட்டைகளைத் தூக்கிப் பிடித்தவர்கள். எங்கள் சனத்துக்கு மிருகங்களில் இவ்வளவு பாசமா என்று பூரித்துப்போனேன். அட்டைகளைப் படிக்கத் தோன்றவில்லை. பெண்மணி வேறு காரில் முன்னதாகப் போயிருந்ததால் பஸ்ஸுக்குப் பொறுப்பு நான். எல்லோரையும் ஏற்றினேன். நெடுஞ்சாலையில் பஸ் ஏறியது.

எனக்குப் பக்கத்தில் ஒரு அக்கா வந்து இருந்தார். நாற்பது வயதளவில். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை என்றார். மடியில் பிளாஸ்டிக் உறையில் போட்ட படம் ஒன்று. மீசை சரியாக முளைக்காத பெடியன், கழுத்துப் பட்டன் வரை பூட்டிய சட்டை.

"என்ர தம்பி," என்றார். "அம்மா போனாப் பிறகு நான்தான் வளத்தனான். கொழும்பில லொட்ஜில இருந்தவனைப் பிடிச்சுக்கொண்டு போய் ஆறு வருசம். முதல் கடிதம் வந்தது. இப்ப ரெண்டு வருசமா அதுவும் இல்லை. எங்கை வைச்சிருக்கினம் எண்டே தெரியாது."

நான் தலையாட்டினேன். என் வேலையில் தினமும் கேட்கிற கதை. ஆனால் ஏன் இதை இந்த பஸ்ஸில் சொல்கிறார் என்று விளங்கவில்லை.

"உங்கட நோட்டிசைக் கடைக் கண்ணாடியில பாத்தனான் தம்பி. நிண்ட நிலையிலயே அழுதுபோட்டன். நீங்கள் எழுதினதெண்டு கடைக்கார அண்ணை சொன்னவர். என்ர தம்பிக்கெண்டே எழுதின மாதிரிக் கிடந்தது." கைப்பையிலிருந்து அரைத் தாளை எடுத்து விரித்தார். "அவன்ர படம் கொண்டுபோறது நல்லதுதானே? அங்கை பெரிய ஆக்கள் வருவினமோ?"

அரைத் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மேலே கத்தரிக்கோல் போன கோடு. தலைப்பு இல்லை, படம் இல்லை, கொலைகாரனும் இல்லை, திமிங்கிலமும் இல்லை. இப்போதுதான் மற்றவர்களின் அட்டைகளைப் படித்தேன். 'எங்கள் பிள்ளைகளை விடுதலை செய்.' 'விசாரணை இன்றி அடைக்காதே.'

எழும்பி நின்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். வாயால் பிழைக்கிறவன் நான். அக்கா, இது திமிங்கிலத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? "வருவினம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளி.

கடைசியில் உண்மையை உடைத்தது ஒரு தமிழ்நாட்டுக்காரர். கொம்பியூட்டர் வேலை, கழுத்தில் தொலைநோக்கி, தலையில் தொப்பி. பின் சீட்டில் இருந்தவரிடம் அவர் சாதாரணமாகக் கேட்டார்:

"டால்ஃபின் ஷோ இதோட சேர்த்தா சார், இல்ல தனியா?"

"என்ன டொல்பின்?"

"நோட்டீஸ்ல 'அவையை விடுங்கோ'ன்னு போட்டிருந்துச்சே. அவைன்னா அஃறிணை. ஏதோ மிருகங்களைத்தான் சொல்றாங்கன்னு புரிஞ்சுது. எங்க போகுதுன்னு டிரைவர்கிட்ட கேட்டேன், சொன்னார்."

நாற்பது பேரில் என் தமிழைச் சரியாக விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். பஸ் எங்கே போகிறது என்று டிரைவரைக் கேட்டவரும் அவர் ஒருவர்தான். செய்தி சீட் சீட்டாக முன்னுக்கு வந்தது. அது என்னிடம் வந்து சேர்ந்தபோது நான் எழும்பி நின்றேன். வேறு வழி இல்லை.

"விசரே ஐசே உமக்கு? மீனுக்கோ நாங்கள் அட்டை எழுதினது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"மீன் இல்லை, அது பாலூட்டி," என்றேன். என் வாயில் வந்த முதல் சொல் அதுதான்.

"பால் குடுத்தா என்ன, கஞ்சி குடுத்தா என்ன!"

நடுச் சீட்டில் இருந்த தொழிற்சாலைக்காரர் ஒருவர் கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். நியாயமாக விசாரிக்கப் போகிறார் என்று எல்லோரும் திரும்பினார்கள்.

"பொறுங்கோ. உந்தத் திமிங்கிலத்துக்கு என்ன வேலை?"

"ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம் பாயோணும் அண்ணை."

"சாப்பாடு?"

"மீன் குடுப்பினம்."

"வருத்தம் வந்தா?"

"டொக்டர் இருக்கிறார்."

"பல்லுக்கு?"

"பல்லும் பாப்பினம்."

"எனக்குப் பல்லுக்கு ஒரு காப்புறுதியும் இல்லை!" என்றார் அவர் பஸ் முழுக்கக் கேட்க. "ரெண்டு வேலை செய்யிறன். என்னை விடுங்கோ எண்டு ஆராவது பஸ் பிடிச்சவையே?"

பஸ் குலுங்கிச் சிரித்தது. டிரைவர்கூட என்னவென்று தெரியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் அந்த அண்ணையே திரும்பவும் கேட்டார்.

"லீவு குடுக்கிறவையோ?"

"இல்லை அண்ணை."

"வீட்டுக்குப் போய் வாறதில்லையோ?"

"வீடு கடலில. போக விடாயினம்."

"தாய் தகப்பன்?"

"கடலில. பிடிச்ச நாளோடை சரி."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப உது அநியாயம்," என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டார். அதன் பிறகு அவ்வளவாகச் சிரிப்புக் கேட்கவில்லை.

நான் இருக்கைக்குத் திரும்பியபோது அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். படம் நெஞ்சோடு இருந்தது. நித்திரையாகிவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது.

பூங்கா வாசலில் இருபது முப்பது வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். நடுவில் பெண்மணி. கறுப்பு வெள்ளைத் துணியில் தைத்த திமிங்கில உடுப்புக்குள் நின்றார், முகம் மட்டும் வெளியே. வெயிலில் வேர்த்து வழிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்குகிற கூட்டத்தைக் கண்டு இரண்டு செட்டைகளாலும் வாயைப் பொத்தினார். அழுகிறார் என்று நினைக்கிறேன்.

எங்கள் சனம் சுற்றும் முற்றும் பார்த்தது. உள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. யாரோ, "வந்ததுதான் வந்தம்..." என்று இழுத்தார்கள். அவ்வளவுதான். பிள்ளைகள் முதலில் ஓடின, பின்னால் தாய்மார், பின்னால் தகப்பன்மார். பல்லுக்குக் கவரேஜ் இல்லாத அண்ணை மட்டும் என் பக்கத்தில் கொஞ்சம் தயங்கி நின்றார்.

"அநியாயம்தான் தம்பி. ஆனா பிள்ளையள் அழுதுதுகள்," என்று சொல்லிவிட்டு அவரும் ரிக்கெற் எடுக்கிற வரிசைக்குப் போனார். பத்து நிமிடத்தில், தடுப்புக்காவலுக்கு எதிராக ஸ்காபரோவிலிருந்து வந்த நாற்பது பேரில் பெரும்பாலானவர்கள் முன்வரிசையில் நனைவதற்கு இடம் பிடித்திருந்தார்கள். நானும் ஏழு தரம் அந்த வரிசையில் இருந்தவன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

போகும்போது அட்டைகளை வெள்ளைக்காரர்களின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களும் பயபக்தியோடு வாங்கித் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார்கள். 'எங்கள் பிள்ளைகளை விடுதலை செய்' தலைகீழாக ஆடியது. ரெக்ஸ்டேலில் இருந்து சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து இறங்கிய ஒரு தமிழ்க் குடும்பம் தலையைச் சரித்து அதை வாசித்தது. தகப்பன் என்னிடம் இரகசியமாகக் கேட்டார்:

"அண்ணை, இங்கையும் எங்கட ஆக்களைப் பிடிச்சு வைச்சிருக்கினமோ?"

அக்கா உள்ளே போகவில்லை. வாசலில் படத்தை நெஞ்சில் பிடித்தபடி நின்றார். பெண்மணி அதைக் கண்டு, இந்தச் சகோதரி இரண்டு வார்த்தை பேசுவாரா, நீங்கள் மொழிபெயர்க்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். நான் ஏதோ சாட்டுச் சொல்ல வாயைத் திறக்க முன்னரே அக்கா ஒலிபெருக்கியை வாங்கிவிட்டார்.

"அது சின்னனிலேயே தாயை இழந்தது," என்று தொடங்கினார்.

எங்கள் சனம் தாங்கள் வளர்த்த பிள்ளையை 'அது' என்றுதான் சொல்லும். அது பாவம், அது சாப்பிடேல்லை, அதுக்குக் காய்ச்சல். அந்தச் சின்னச் சொல்லுக்குள் எவ்வளவு பாசம் கிடக்கிறது என்று பெண்மணிக்கு நான் எந்த இலக்கணத்தில் விளக்குவேன்? ஆங்கிலத்தில் 'அவன்' என்று மாற்றிச் சொன்னேன். அதுதான் சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் அங்கே நின்றவர்கள் திமிங்கிலத்தையும் 'அவன்' என்றுதான் சொல்வார்கள்.

"அது ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை. சும்மா இருந்ததை வளைச்சுப் பிடிச்சவை. சின்ன இடம். நிமிந்து திரும்பேலாதாம். குடுக்கிறதைத் தின்னோணும், சொல்லுறதைச் செய்யோணும். முதல் முதல் கத்தியிருக்கும். கத்திக் கத்தி இப்ப கத்துறதையும் விட்டிருக்கும். என்ர குரலைக் கேட்டா இப்பவும் அதுக்கு அடையாளம் தெரியும். ஒருக்கா என்னைக் கூப்பிட விடுங்கோ. தூரத்தில நிண்டு கூப்பிடுறன்."

வசனம் வசனமாக மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. காதில் தோடு போட்ட ஒரு இளைஞன் நிலத்தில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பத்திரிகைக்காரி ஒருத்தி எழுதுவதை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தமும், எங்கள் நாற்பது பேரின் கைதட்டலும் கேட்டன. பெண்மணி இரண்டு துணிச் செட்டைகளாலும் அக்காவைக் கட்டிப்பிடித்தார். அக்காவின் தலை திமிங்கிலத்தின் கழுத்துக்குள் புதைந்தது. நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

கொஞ்சநேரம் கழித்துப் பெண்மணி என்னை ஒரு பக்கம் அழைத்தார். எந்தத் திமிங்கிலத்தைச் சொல்கிறார், அந்தச் செட்டை மடிந்த ஆண் திமிங்கிலத்தையா, எத்தனை தரம் வந்து பார்த்திருக்கிறார் என்று கேட்டார். அக்கா இரண்டடி தள்ளி நின்றார். இனியும் ஒளிக்க எனக்குத் தெம்பு இல்லை. திமிங்கிலம் இல்லை, அவருடைய தம்பி என்றேன். படத்தையும் காட்டினேன்.

பெண்மணியின் முகம் வெளுத்தது. கெட்டவர் இல்லை, அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். படத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, இது பயங்கரம், எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது, ஆனால் இன்றைக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், இரண்டையும் கலந்தால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது, இன்றைக்கு மட்டும் இதைப் பேசாமல் விடச் சொல்வீர்களா என்று கேட்டார்.

"என்னவாம் தம்பி?" என்றார் அக்கா.

என் தொழிலில் முதல் தரமாகச் சத்தியத்தை மீறினேன். "உங்கட தம்பி கெதியா வரோணும் எண்டு தானும் கும்பிடுறாவாம்," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"தம்பி, நான் எட்டு வருசமா ஹோட்டலில வேலை செய்யிறன். கதைக்கத்தான் கூச்சம். அவ சொன்னதெல்லாம் விளங்கினது. பஸ்ஸில நீங்கள் எல்லாரும் கதைச்சதும் கேட்டது."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"அவ சொன்னதில பிழை இல்லை," என்றார் அக்கா. "இண்டைக்கு உந்தத் திமிங்கிலத்தின்ர நாள். உதும் பாவம்தான், அடைச்சு வைச்சு ஆட விடுகினம். நான் உதுக்கும் சேத்துத்தான் கதைச்சனான். ஆனா ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ. என்ர தம்பிக்கெண்டு ஒரு நாள் வைச்சா அவ வருவாவோ?"

"நீங்களே கேளுங்கோவன் அக்கா."

"கேட்டா அழுதுபோடுவன். நீங்கள் கேளுங்கோ. உள்ளபடி கேளுங்கோ."

கேட்டேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை பெண்மணி. வருவேன், கட்டாயம் வருவேன் என்றார். திமிங்கில உடுப்பின் வயிற்று ஜிப்பை இழுத்துத் திறந்து, உள்ளே கையை விட்டு ஒரு சின்ன நாட்குறிப்பை எடுத்தார். ஈரக் கையை உடுப்பில் துடைத்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

"எந்த நாள்?" என்று கேட்டார்.

"எந்த நாளாம் அக்கா," என்றேன். சொல்லத் தேவையில்லை, அவருக்கு விளங்கியிருந்தது. ஆனால் அவர் பெண்மணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எங்கள் சனம் ஊர்வலம் போனது, கூட்டம் வைத்தது, எல்லோருக்கும் சேர்த்து எல்லோரும் கத்தினோம். இந்த ஒருவனுக்கென்று ஒரு நாள் ஸ்காபரோவில் ஒருவரிடமும் இல்லை. அவனைப் போன்றவர்களின் கதையைச் சொல்லியே சோறு தின்கிற என்னிடமும் இல்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆட்டம் முடிந்து எங்கள் ஆட்கள் நனைந்த உடுப்போடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். சாப்பாட்டுப் பார்சல் எங்கே என்று யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். பெண்மணி அவசரப்படுத்தவில்லை, பென்சிலைத் தாளில் வைத்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.